கச்சேரியா, ஜாஸா, சினிமாப் பாட்டா? வகுப்பு வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வயலின் கற்றுக்கொடுக்கிறேன். என் தம்பி வார இறுதிகளில் ஒரு ஜாஸ் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். எங்கள் அப்பா தோட்டத்துத் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு பாடியவர். ஒரே வீட்டில் மூன்று ரசனை என்பதாலோ என்னவோ, இசை பற்றிய சந்தேகம் உள்ளவர்கள் எல்லோரும் என்னிடம் வந்து நிற்கிறார்கள். பிள்ளைகள் செருப்பு மாட்டும் நேரத்தில் பெற்றோர் கேட்கிறார்கள், ஒத்திகை இடைவேளையில் சக கலைஞர்கள் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே குறித்து வைத்தேன். பதில்களை இங்கே எழுதுகிறேன்.

1. டீச்சர், கர்நாடக சங்கீதம், ஜாஸ், சினிமாப் பாட்டு எல்லாமே கேட்கிறவனுக்குப் பாட்டுதானே? அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

காது எதற்காகக் காத்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். கச்சேரிக்கு வந்து உட்காரும் காது, தம்புராவின் மேல் ஒற்றை இழையாகப் போகும் ராகத்தைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த ஸ்வரத்தைப் பாடகர் எப்படித் தொடப்போகிறார், நேராகவா, அசைத்தா, கீழிருந்து வழுக்கியா என்று பார்த்துக் காத்திருக்கிறது. கூடவே இன்னும் இரண்டு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்ற தேவையே அதற்கு இல்லை.

ஜாஸ் வேறு மாதிரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே உருவான இசை அது. பாட்டுக்கு அடியில் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், மாறிக்கொண்டே இருக்கும். நகரும் அந்தத் தரையில் வாசிப்பவர் எங்கே கால் வைக்கிறார் என்று கவனிப்பதுதான் அதன் சுவை.

சினிமாப் பாட்டில் காது குரலுக்கும் சொல்லுக்கும் ஒலியின் நிறத்துக்கும் காத்திருக்கிறது. நான்கைந்து நிமிடத்தில் பல்லவி, இடையிசை, சரணம் எல்லாம் முடிந்துவிட வேண்டும். நேற்றுக் கேட்டதுபோலவே இன்றும் இருக்க வேண்டும். கச்சேரியில் நேற்றுப் பாடிய ஆலாபனையை அப்படியே இன்றும் பாடினால் ரசிகர் எழுந்து காண்டீனுக்குப் போய்விடுவார்.

2. இசைக்கலைஞர் என்றால் எல்லா இசையையும் ரசிக்க வேண்டும் இல்லையா? நீங்களே சிலதைக் கேட்டால் முகம் சுளிக்கிறீர்களே?

சுளிக்கிறேன். பெரும்பாலான கலைஞர்கள் சாதாரண ரசிகரைவிடப் பிடிவாதக்காரர்கள். ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கிக்கு ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் இசை பிடிக்கவே இல்லை. நாட்குறிப்பில் கடுமையாகத் திட்டி எழுதினார். 1940-களில் பீபாப் என்ற புது ஜாஸ் வந்தபோது, ஜாஸின் தலைமகனான லூயி ஆம்ஸ்ட்ராங்கே அதை வெளிப்படையாகக் குறை சொன்னார். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசைக்காக உலகம் கொண்டாடிய கனடாவின் பியானோக் கலைஞர் கிளென் கூல்டுக்கு மோசார்ட்டின் பிற்காலப் படைப்புகள் ஒத்துவரவில்லை. அதே மனிதர் 1967-இல் பெட்டுலா கிளார்க் என்ற பாப் பாடகியைப் பற்றி ஆழமான கட்டுரை எழுதினார்.

ஒரு கலைஞர் தினமும் ஐந்து மணி நேரம் சாதகம் செய்யும்போது, இது வேண்டும், அது வேண்டாம் என்று ஆயிரம் முறை தீர்மானிக்கிறார். வில்லை இவ்வளவு அழுத்த வேண்டாம், இந்த இடத்தில் அசைக்க வேண்டாம். அந்தத் தீர்மானங்கள்தாம் அவருடைய பாணி. பாட்டு முடிந்த பிறகும் அந்தக் காதை அவரால் கழற்றி வைக்க முடிவதில்லை.

3. சரி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மூன்றில் எது உயர்ந்தது?

என் உயிர் கர்நாடக சங்கீதத்தில் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் 'உயர்ந்தது' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் 'கற்க அதிக ஆண்டு பிடிப்பது' என்பதைத்தான் சொல்கிறார்கள். கற்கக் கடினமாக இருப்பது ஒன்று, கேட்பவரின் மனத்தை அசைப்பது வேறொன்று.

நம் முன்னோர் இப்படி வேலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று சொல்கிறோமே, அவைதாம். ஏறத்தாழ 40 இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு இங்கிலாந்தின் நாட்டுப்பண்தான் மெட்டு. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர், வயலினை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். அன்றைக்கு அவர் "இது வெள்ளைக்காரன் வாத்தியம்" என்று தள்ளியிருந்தால் இன்றைக்கு என் வகுப்பே இல்லை.

4. பெரிய வித்வான்கள் சினிமாப் பாட்டெல்லாம் காதிலேயே வாங்க மாட்டார்களாமே?

இது ஒரு கட்டுக்கதை. பாலமுரளிகிருஷ்ணா 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில் ஹேமநாத பாகவதர் பாத்திரத்துக்குப் பாடினார். பல ராகங்களைக் கோத்த அந்தப் பாட்டை முணுமுணுக்காத தோட்டத்துத் தமிழர் இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி திரையில் நடித்தே இருக்கிறார். பம்பாய் ஜெயஸ்ரீ மேடையில் எவ்வளவு கனமாகப் பாடுகிறாரோ, திரையில் அவ்வளவு மென்மையாகப் பாடியிருக்கிறார்.

கச்சேரி முடிந்து, மேடைக்குப் பின்னால் மிருதங்கத்தை உறையில் போடும் நேரத்தில் யாராவது எம்.எஸ்.வி. மெட்டு ஒன்றை முணுமுணுப்பார்கள். உடனே மூன்று பேர் இடையிசையைப் பிடிப்பார்கள். இதை நான் இருபது முறையாவது பார்த்திருக்கிறேன்.

5. ஜாஸ் கேட்டால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆளாளுக்கு ஒன்று வாசிக்கிறார்களே, மெட்டு எங்கே?

நானும் தம்பியிடம் இதையேதான் கேட்டேன். செந்தூலில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடை. மேசையில் தே தாரிக் டீ. அவன் கைப்பேசியில் ஒரு புளூஸ் பாட்டைப் போட்டுவிட்டு, "அக்கா, ஆதி தாளம் போடு" என்றான். போட்டேன். பன்னிரண்டு பார் புளூஸில் ஒரு பாருக்கு நான்கு அடி, மொத்தம் 48 அடிகள். ஆதி தாளத்தின் ஒரு சுற்று, அதாவது ஓர் ஆவர்த்தனம், எட்டு அடி; ஆக, சரியாக ஆறு ஆவர்த்தனம். முதல் இரண்டு ஆவர்த்தனம் ஷட்ஜத்து வீட்டில் இருக்கும். மூன்றாவது மத்யமத்துக்குப் போகும். நான்காவது வீடு திரும்பும். ஐந்தாவதில் முன்பாதி பஞ்சமம், பின்பாதி மத்யமம். ஆறாவதில் மறுபடி வீடு. அவ்வளவுதான் வழி; இதையே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறார்கள்.

மூன்றாவது சுற்றில் என் கை தாளம் போடும்போதே, மத்யமத்துக்குத் திரும்பும் இடம் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு சாக்ஸபோன்காரர் என்ன ஓட்டம் ஓடினாலும் எனக்குக் குழப்பம் வரவில்லை. அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தெரிந்தது. மற்ற ஜாஸ் பாட்டுகளுக்கும் இதே வைத்தியம்தான். முதலில் மெட்டை ஒருமுறை முழுதாக வாசிப்பார்கள். அதை மனத்துக்குள் பாடிக்கொண்டே இருங்கள். சோலோ முடிந்து அவர்கள் மெட்டுக்குத் திரும்பும்போது நீங்களும் அதே இடத்தில் இருப்பீர்கள்.

6. அப்படியென்றால் ஜாஸ் சோலோவும் நம் கல்பனாஸ்வரமும் ஒன்றுதானே? இரண்டும் மனோதர்மம்தானே?

பாதிதான் சரி. இரண்டும் அந்த நொடியில் பிறப்பவை. ஆனால் வேலி வேறு. கல்பனாஸ்வரத்தில் ராகத்தை விட்டு ஒரு மயிரிழையும் நகரக் கூடாது. ராகம் என்றால் வெறும் ஸ்வரப் பட்டியலும் இல்லை, எந்த ஸ்வரம் எதற்குப் பிறகு எப்படி வர வேண்டும் என்ற நடத்தையும் சேர்ந்தது. ஜாஸில் கார்டு மாறும்போது பொருந்தும் ஸ்வரங்களும் மாறும். வேண்டுமென்றே பொருந்தாத ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவதும் அங்கே அழகு.

ஒரு சோதனை செய்து பாருங்கள். சுத்த தன்யாசி ராகத்தின் ஐந்து ஸ்வரங்களும் புளூஸ் கிட்டார்காரர்கள் நாள் முழுவதும் புழங்கும் ஐந்து ஸ்வரங்களும் ஒன்றே. ஆனால் அவர் தந்தியை இழுத்து காந்தாரத்தை வளைக்கும்போது வரும் ஏக்கம் வேறு, நாம் அதே காந்தாரத்தை அசைக்கும்போது வரும் ஏக்கம் வேறு. இன்னொரு செய்தி: வகுப்பில் பிள்ளைகள் மோகனம் வாசித்தால், கீழ் வீட்டுச் சீனப் பாட்டி வாசலுக்கு வந்து நிற்பார். அது தன் சிறுவயதுப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு கேட்பார். நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

7. என் மகள் பியானோவில் 5-ஆம் கிரேடு. இப்போது உங்களிடம் வயலினும் கற்கிறாள். இரண்டும் சேர்ந்தால் காது கெட்டுவிடாதா?

கோலாலம்பூர் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். கவலைக்குக் காரணம் உண்டு. பியானோவில் ஸ்தாயி 12 சம துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கிறது. ஸ்வர இடைவெளியை அளக்கும் அலகான சென்ட் கணக்கில் ஒவ்வொன்றும் 100 சென்ட். அதனால் அதன் அந்தர காந்தாரம் 400 சென்டில் நிற்கிறது. தம்புராவை மீட்டிவிட்டு அமைதியாகக் கேட்டால், யாரும் வாசிக்காமலே ஒரு காந்தாரம் மேலே மிதந்து வரும். அது ஏறத்தாழ 386 சென்ட். பியானோப் பழக்கத்தில் வரும் பிள்ளைகள் அதைக் கொஞ்சம் தூக்கி வாசிப்பார்கள். ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் தொடும் கமகத்தையோ பியானோவில் வாசிக்கவே முடியாது, இரண்டு கட்டைக்கு நடுவில் விரல் வைக்க இடமில்லை.

ஆனாலும் கெட்டுப்போகாது. உங்கள் மகள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், பாட்டி வீட்டுப் பக்கத்தில் கேண்டனீஸ் என்று பேசுகிறாள். ஒன்று மற்றொன்றைக் கெடுத்ததா? காதும் அப்படித்தான், எந்த வீட்டில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரிந்தால் போதும். நான் அதற்காக ஒன்று செய்கிறேன். பாடம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் சுருதிப்பெட்டியை மட்டும் ஒலிக்கவிட்டு, பிள்ளைகளைக் கண்ணை மூடி ஸ, ப, ஸ பாடச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் வில்லைத் தொடலாம்.

மேற்கத்திய வயலினும் கற்பதாக இருந்தால் மட்டும் இரண்டு வயலின் வாங்கிவிடுங்கள். நம் முறையில் தரையில் அமர்ந்து, வயலின் தலையை வலது கணுக்காலில் தாங்கி, தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று கூட்டுகிறோம். அவர்கள் தாடையில் தாங்கி, அடுத்தடுத்த பஞ்சம இடைவெளியில் கூட்டுகிறார்கள். ஒரே வயலினை வாரம் நான்கு முறை மாற்றிக் கூட்டினால் தந்தியும் தாங்காது, பிள்ளையும் தாங்காது.

8. தாளத்தில் நம்மை யாரும் அடித்துக்கொள்ள முடியாது, சரிதானே?

எங்கள் மிருதங்கக்காரரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு தம்பியின் ஒத்திகைக்கு வந்தார். ஏழு ஏழாகப் பிரியும் மிஸ்ர நடையில் கோர்வையைத் தூக்கத்திலும் கணக்குப் போடுவார். அவரால் ஜாஸின் ஆடும் நடையான ஸ்விங் வாசிக்க முடியவில்லை. 'தகிட' என்பதில் 'கி'யை விழுங்கிவிட்டு 'த..ட, த..ட' என்று போக வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தார். கணக்கு சரியாக விழுந்தது, ஆனால் நடை வரவில்லை. வேகம் கூடக்கூட அந்தத் 'த'வுக்கும் 'ட'வுக்கும் உள்ள தூரம் மெல்ல மாறுகிறது. அதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. டிரம்ஸ்காரர் பிரஷ்ஷால் வட்டமாகத் தடவிக்கொண்டே சிரித்தார். மூன்றாவது வாரத்தில்தான் இருவரும் சேர்ந்து மூச்சுவிட்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. 1959-இல் டேவ் புரூபெக்கின் குழு ஐந்து அடிக் கணக்கில் வாசித்த ஒரு பாட்டு ஜாஸ் உலகத்துக்கே புதுமையாக இருந்தது. ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபுவில் கிருதி பாடும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பழகிய வீடு. அதே டிரம்ஸ்காரர் விளம்ப காலத்தில் கண்ட சாபுவைப் பிடித்து நிற்க எவ்வளவு திணறினார் என்று நான் பார்த்தேன். அவரவர் உடம்பில் ஊறியது அவரவருக்கு எளிது.

9. என் கணவருக்கு 1980-களுக்குப் பிறகு வந்த பாட்டெல்லாம் வெறும் சத்தம். அவர் சொல்வது நியாயமா?

பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டுதான் மனிதருக்கு ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொள்கிறது என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். உங்கள் கணவரின் வயதை வைத்தே அவருக்குப் பிடித்த பாட்டை நான் ஓரளவு ஊகித்துவிடுவேன். அவர் கேட்பது பாட்டோடு சேர்த்து அந்தக் காலத்தையும்தான். விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் பாட்டைத் திட்டாமல் இருந்தால் போதும்.

10. மலேசியத் தமிழருக்கு என்று தனி ரசனை இருக்கிறதா? நாம் தமிழ்நாட்டைப் பார்த்துத்தானே கேட்கிறோம்?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கோபமும் அன்பும் ஒன்றாக வருகிறது. பினாங்கில் பிறந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் அல்லிகேட்ஸ் என்ற குழுவில் மலாய்ப் பாட்டுப் பாடி, இந்த நாட்டு மக்கள் எல்லோர் வீட்டிலும் புகுந்தார்கள். 2007-இல் லோகநாதன் மறைந்தபோது மலாய் நண்பர்கள்தான் முதலில் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அதே பினாங்கில் 1929-இல் பிறந்தவர் மலாய்த் திரையின் நடிகரும் பாடகருமான பி. ரம்லி. அவரைத் திரையில் அறிமுகப்படுத்திய பி.எஸ். ராஜ்ஹன்ஸ் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர். மலாய் கஜலைக் கேட்டால் ஆர்மோனியமும் தபேலாவும் ஒலிக்கும். எது யாருடையது என்று இங்கே எளிதில் பிரிக்க முடியாது.

1981-இல் கோலாலம்பூரில் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், மருத்துவர் பிள்ளைக்கும் டாக்சி ஓட்டுநர் பிள்ளைக்கும் பாட்டையும் நாட்டியத்தையும் ஒரே கூடத்தில் கற்றுக்கொடுத்தது. 1998-இல் இரட்டைக் கோபுரத்தின் அடியில் பிலார்மோனிக் அரங்கம் திறந்தது. மேற்கத்திய இசையை நேரில் கேட்க விமானம் ஏற வேண்டியதில்லை என்று ஆனது. 2006-இல் யோகி பி, நட்சத்திரா குழுவின் தமிழ் ராப் இங்கிருந்து கிளம்பித் தமிழ்நாட்டு இளைஞர்களின் காதுக்குப் போனது. இத்தனையும் கேட்டு வளர்ந்த காது, மயிலாப்பூரில் வளர்ந்த காது போல எப்படி இருக்கும்?

11. உருமி மேளத்தை இசை என்று சொல்வீர்களா? தைப்பூசத்தில் காது கிழிகிறதே!

சொல்வேன், உறுதியாக. ஒருமுறை பத்துமலையில் கூட்டம் நகராமல் நின்றபோது, உருமிக்காரருக்குப் பக்கத்தில் ஒரு கை தூரத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார், மறு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கிறார். அந்தத் தேய்ப்பில் ஒலி கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு எழுகிறது. கமகம்தான் அது, தோலில் வரும் கமகம். தேய்க்கும் அழுத்தத்தை இம்மியளவு மாற்றி அந்த உறுமலை நீட்டவும் குறுக்கவும் செய்தார். அந்தக் கையின் கட்டுப்பாட்டை என் சீனியர் மாணவர்களுக்கு இன்னும் என்னால் கொண்டுவர முடியவில்லை.

சத்தம் அதிகம் என்ற புகார் வேறு. திறந்த வெளியில், காவடியைச் சுமப்பவரின் கால் தளராமல் இருக்க எழுந்த இசை அது. மூடிய மண்டபத்துக்குள் ஒலிபெருக்கி வைத்து அதை முழக்கினால் காது வலிக்கத்தான் செய்யும். அதற்கு ஏற்பாடு செய்தவர்தான் பொறுப்பு.

12. கல்யாணத்தில் நாதஸ்வரக்காரரைச் சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லலாமா?

தாலி கட்டிய பிறகு, விருந்து நேரத்தில் தாராளமாக. முகூர்த்தத்துக்கு முன் அவருக்குப் பிடித்த ராகத்தில் பத்து நிமிடம் நிம்மதியாக வாசிக்க விடுங்கள். அந்தப் பத்து நிமிடம் கொடுத்தால் பிறகு நீங்கள் கேட்கும் எதையும் மனம் நிறைந்து வாசிப்பார்.

13. ஃபியூஷன், கலப்பிசை என்று விளம்பரம் செய்கிறார்கள், போய்க் கேட்டால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஏன்?

ஒரு நிறுவன விருந்தில் எங்களை அப்படி வாசிக்கச் சொன்னார்கள். ஒத்திகைக்குக் கொடுத்தது நாற்பது நிமிடம். நான் ஹிந்தோள ராகம் எடுத்தேன். கீபோர்டுக்காரர் ஷட்ஜத்தில் மைனர் கார்டு பிடித்தார். அந்தக் கார்டில் பஞ்சமம் இருக்கிறது. ஹிந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது. நான் வில்லை எடுத்த ஒவ்வொரு முறையும் அந்தப் பஞ்சமம் முள்ளாய்க் குத்தியது. அவர் செய்தது அவர் பாடத்தில் தவறே இல்லை. என் காது எதற்குக் காத்திருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தம்பிதான் வழி கண்டான்: மத்யமத்தை அடியாக வைத்து ம-த-ஸ பிடித்தால் மூன்றுமே ஹிந்தோளத்தின் ஸ்வரங்கள். அன்று மேடையில் அந்த ஒரு மாற்றம்தான் எங்களைக் காப்பாற்றியது.

ஒட்டிய ஃபியூஷனைப் பாருங்கள். 1970-களில் சக்தி குழுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு அமர்ந்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், அதற்கு முன்பே எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். 1986-இல் இளையராஜா ஒரு முழு இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார் என்றால், இருவர் இசையிலும் ஊறிய பிறகுதான் அது நடந்தது. ஒத்திகை அறையில் நாற்பது நிமிடத்தில் இது வராது.

14. கைதட்டுவதில் எனக்குப் பயம். எங்கே தட்டலாம், எங்கே கூடாது?

பிலார்மோனிக் அரங்கத்தில் சிம்பொனியின் பகுதிகளுக்கு நடுவே தட்டுவதில்லை. முழுதும் முடிந்து, நடத்துநர் கையைக் கீழே இறக்கிய பிறகு தட்டலாம். ஜாஸில் ஒவ்வொரு சோலோ முடிந்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்ட வேண்டும். ஜாலான் மெசுயியில் உள்ள நோ பிளாக் டை போன்ற சிறிய இடத்தில் நீங்கள் தட்டாவிட்டால் வாசிப்பவர் முகம் வாடிவிடும். கச்சேரியில் தொடையில் தாளம் போடலாம், நல்ல இடத்தில் 'ஆஹா' சொல்லலாம். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகாதீர்கள், அது ஒன்றைத்தான் மிருதங்கக்காரர்கள் மன்னிப்பதில்லை.

15. எங்கள் குழுவில் ஐந்து பேருக்கு ஐந்து ரசனை. ஒத்திகை முழுக்கச் சண்டை. என்ன செய்வது?

'பிடிக்கவில்லை' என்பதையும் 'தவறு' என்பதையும் பிரித்துப் பேசுங்கள். சுருதி விலகினால் தவறு, தாளம் ஓடினால் தவறு. வேறு எல்லாம் பிடித்தம் பிடிக்காமை. தம்பியின் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒத்திகைக்கு முன் ஒவ்வொருவரும் முறைவைத்து ஒரு பாட்டைப் போட வேண்டும். கேட்டு முடித்ததும், போட்டவர் எந்த இடத்துக்காக அதை விரும்புகிறார் என்று விரலை நீட்டிக் காட்ட வேண்டும். "இதோ, பேஸ் இறங்கும் இந்த இடம்." மற்றவர்களுக்குப் பாட்டு பிடிக்காமல் போகலாம், ஆனால் அந்த இடம் எல்லோர் காதிலும் விழுந்துவிடும்.

16. டீச்சர், நான் வர்ணம் முடித்து கிருதிக்கு வந்துவிட்டேன். ஆனால் எல்.ஆர்.டி. ரயிலில் கொரிய கே-பாப் கேட்கிறேன். தவறா?

குரலைத் தாழ்த்திக்கொண்டு இதைக் கேட்ட மாணவிக்குப் பதினைந்து வயது. தவறே இல்லை கண்ணு. இரண்டாம் பதிலில் சொன்ன கிளென் கூல்டை நினைத்துக்கொள். மாடர்ன் ஜாஸின் மூலவர்களில் ஒருவரான சார்லி பார்க்கருக்கு ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி என்றால் உயிர். அவரவர் வாசிப்பது ஒன்று, கேட்பது பத்து.

ஒன்றை மட்டும் செய். கேட்கும் பாட்டில் உன் காது எதற்குக் காத்திருக்கிறது என்று கண்டுபிடி. மறுவாரம் அவளே வந்து சொன்னாள்: நான்கு பேர் குரல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் இடத்துக்காம். அதை வயலினில் எனக்கு வாசித்தும் காட்டினாள், ஒரு குரலை அவள், இன்னொன்றை நான்.

17. எல்லாம் காது காத்திருக்கும் விஷயம் என்றால், மோசமான இசை என்று ஒன்று கிடையவே கிடையாதா?

உண்டு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சிலவற்றில் பழக்கத்தின் பங்கு நாம் நினைப்பதைவிட அதிகம் என்பது உண்மை. பொலிவியாவின் காட்டுப் பகுதியில் மேற்கத்திய இசை அதிகம் எட்டாத சிமானே மக்களிடம் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. நம் காதுக்கு உரசலாகப் படும் ஸ்வரக் கூட்டும் இனிமையாகப் படும் கூட்டும் அவர்களுக்கு ஒரே அளவு பிடித்திருந்தன. ஆகவே "காதுக்கு இனிமையாக இல்லை" என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் தயங்குவேன்.

ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளே நல்லதும் கெட்டதும் இருக்கிறது. ராகத்தின் உயிரான பிடியைத் தொடாமல் வேகத்தை மட்டும் காட்டும் கச்சேரி மோசமான கச்சேரி. மற்றவர் வாசிப்பதைக் கேட்காமல் தன் விரல் வித்தையை அவிழ்த்துவிடும் சோலோ மோசமான ஜாஸ். சொல்லின் பொருள் தெரியாமல் உச்சரிக்கும் மெல்லிசைப் பாடகர் அப்பாவின் குழுவில் ஒருநாள்கூட நிற்க முடியாது. "துக்கப் பாட்டில் சிரிக்கிறான் பார்" என்று மேடையிலிருந்து இறக்கிவிடுவார். அந்த இசைக்குள் வாழ்கிறவர்களைக் கேட்டால் எது போலி என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். வெளியே நின்று தீர்ப்புச் சொல்வதில்தான் நாம் தடுக்கி விழுகிறோம்.

18. உங்கள் வீட்டில் காரில் போகும்போது யார் பாட்டு ஓடும்?

பினாங்கில் அத்தை இருக்கிறார், ஆண்டுக்கு மூன்று முறையாவது போவோம். ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ வரை தம்பியின் ஜாஸ். ஈப்போவில் இறங்கி வெள்ளைக் காப்பி குடித்துவிட்டு ஏறினால் பட்டர்வொர்த் வரை என் கச்சேரி. இடையில் யாரும் குறை சொல்லக் கூடாது, தூங்கலாம்.

பினாங்குப் பாலத்தில் ஏறியதும் அப்பாவின் முறை. பதின்மூன்றரைக் கிலோமீட்டர், நெரிசல் இல்லாவிட்டால் மூன்று பாட்டுக்கு இடம் இருக்கும். எண்பத்தொரு வயதில், கண்ணாடியை இறக்கிவிட்டு, கடல் காற்று முகத்தில் அடிக்க, சரணத்தின் உச்ச ஸ்தாயியை இப்போதும் அவரே எட்டிப் பார்ப்பார். தம்பி ஸ்டியரிங்கில் ஸ்விங் தட்டுவான். நான் தொடையில் ஆதி தாளம் போடுவேன்.